“யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று ஃபோனில் சொன்னால்: பாலக்கோட்டில் எங்கள் மையத்துக்கு வரும் கேள்விகள்

பாலக்கோட்டில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வருகிறவர்கள் வேலை முடிந்தும் எழுந்து போக மாட்டார்கள். ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்து, “இதை ஒரு பார்வை பாரு கண்ணு, நெசமா பொய்யா?” என்பார்கள். அப்படிக் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தருகிறேன்.

ஏமாந்தவர்கள் புத்தி இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் உண்டு, தக்காளி மண்டிக்காரர் உண்டு, ஓசூரில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் பையனும் உண்டு. அத்தனை பேருக்கும் பொதுவாக நான் பார்த்தது ஒன்றுதான்: பணம் போன அந்த நேரத்தில் அவர்கள் தனியாக இருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்லவில்லை.

பணம் இப்பதான் போச்சு. மொதல்ல யாருக்கு ஃபோன் பண்றது?

1930. வேறு எதுவும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கு நாடு முழுவதற்குமான உதவி எண் இது. ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கிக் கணக்கு, எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது, 12 இலக்கப் பரிவர்த்தனை எண். ஜிபே, ஃபோன்பே எதுவானாலும் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் இந்த எண் தெரியும். யூடிஆர் என்றோ யூபிஐ டிரான்சாக்ஷன் ஐடி என்றோ போட்டிருக்கும். புகாரை வாங்கிக்கொண்டதும் ஒரு எண் கொடுப்பார்கள். அதை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் அன்றைக்கே பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த அழைப்பு உங்கள் வங்கிக்கு. கார்டையும் யூபிஐ-யையும் நெட்பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி எண்ணைக் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். தேடினால் மேலே வரும் “கஸ்டமர் கேர்” எண்களில் திருடர்கள் போட்டு வைத்தவையும் இருக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணே சரியானது.

பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பணம் போனதும் ஏமாற்றியவனுக்கே திரும்பத் திரும்ப ஃபோன் போட்டுக் கெஞ்சுவார்கள். “திருப்பி அனுப்பறேன், ஒரு பத்து நிமிஷம் இருங்க” என்று அவன் சொல்லும் அந்தப் பத்து நிமிடத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

1930-க்குச் சொன்னா பணம் வந்துருமா?

வேகத்தைப் பொறுத்தது. உங்கள் கணக்கிலிருந்து போகும் பணம் நேராகத் திருடன் கைக்குப் போவதில்லை. முதலில் யாரோ வாடகைக்கு விட்ட ஒரு கணக்கு, அங்கிருந்து மூன்று நான்காகப் பிரிந்து வேறு கணக்குகள், கடைசியில் ஏதோ ஊர் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போகும். 1930-ல் உங்கள் புகார் பதிவானதும் அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்குவார்கள். முடக்கிய பணத்தை உரிய உத்தரவு பெற்று உங்களுக்குத் திருப்புவார்கள். வெளியே எடுத்துவிட்ட பணத்தைப் பிடிப்பது கடினம். அதனால்தான் “வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுட்டு வரேன்”, “திங்கட்கிழமை பேங்குக்குப் போறேன்” என்று தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

ஆர்மி கேம்ப்புக்கு சரக்கு வேணும்னு ஆர்டர் வந்தது. பணம் வாங்க கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

பண்ணாதீர்கள். இது சந்தூரில் மாங்காய் வியாபாரம் செய்யும் என் மாமாவுக்கே நடந்தது.

சீசன் நேரம். இருபது பெட்டி செந்தூரா வேண்டும், லாரி எங்களுடையதே வரும் என்று ஒருவன் பேசினான். ராணுவ உடையில் ஒரு படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. “எங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் போகணும்னா மொதல்ல நீங்க ஒரு ரூபா அனுப்பி டெஸ்ட் பண்ணணும், ரெண்டு ரூபாயா திரும்பி வரும்” என்றான். மாமா ஒரு ரூபாய் அனுப்பினார். இரண்டு ரூபாய் வந்தது. அவரை விழ வைத்தது அந்த இரண்டு ரூபாய்தான். அடுத்து ஒரு கியூஆர் வந்தது. கீழே “ரூ. 24,000 பெற” என்று எழுதியிருந்தது. மாமா காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், மாம்பால் பட்ட கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்து யூபிஐ “பின்” (ரகசிய எண்) போட்டார். 24,000 போனது. “தப்பா வந்துருச்சு, இன்னொரு தடவை போடுங்க, சேர்த்துத் திருப்பறேன்” என்றான். மறுபடியும் போட்டார்.

அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் கியூஆருக்குக் கீழே எழுதலாம். பணம் வாங்க “பின்” ஒருபோதும் தேவையில்லை. இருப்பைப் பார்க்க நீங்களே போகாதபோது “பின்” கேட்கும் திரை வந்துவிட்டால் பணம் உங்களிடமிருந்து வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் “கலெக்ட்” கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் தந்திரம் அப்படியேதான் இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ், டூவீலர் விற்க இணையத்தில் படம் போடுகிறவர்களிடமும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

“தெரியாம உங்க நம்பருக்குப் பணம் அனுப்பிட்டேன், பிள்ளைக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருந்தது”ன்னு அழறாங்க. பாவம் இல்லையா?

பாவம்தான், நிஜமாக இருந்தால். பணம் வந்ததா என்று மெசேஜைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து “உங்கள் கணக்கில் ரூ. 10,000 வரவு” என்று யாரும் டைப் செய்து அனுப்ப முடியும். வங்கியின் மெசேஜ் எழுத்துகள் கொண்ட பெயரில்தான் வரும். 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கிறது: பரிவர்த்தனைக்கு டி, சேவைக்கு எஸ், அரசுக்கு ஜி, விளம்பரத்துக்கு பி.

பணம் உண்மையிலேயே வந்திருந்தால்? அப்போதும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். “உங்க பேங்க்ல சொல்லுங்க, அவங்க வழியா எடுத்துக்குங்க” என்று சொல்லுங்கள். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், நீங்கள் திருப்பி அனுப்பியதால் அந்தச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணி ஆவீர்கள்.

கரண்ட் பில் கட்டலை, இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லைனைக் கட் பண்றோம்னு மெசேஜ்.

பொய். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. பில் எவ்வளவு, கட்டியாயிற்றா என்பது வீட்டு மின் இணைப்பு எண்ணைப் போட்டால் மின்வாரியத் தளத்திலேயே தெரியும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. மெசேஜில் “இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்” என்று கொடுத்திருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசாதீர்கள். பேசினால் ஒரு செயலியை இறக்கச் சொல்வான். அது உங்கள் திரையை அவனுக்குக் காட்டும் செயலி.

பிஎம் கிசான் பணம் வரலைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் ஃபோன் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஃபைலின் பெயர் கடைசியில் ஏபிகே என்று முடிந்ததா? அது காகிதமோ படிவமோ இல்லை, ஒரு செயலி. பிஎம் கிசான், வண்டி அபராதம், ரேஷன் கார்டு, வங்கி கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று எந்த வேஷத்திலும் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் ஃபோனை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். பத்திரிகை அனுப்புகிறவர் படமாக அனுப்புவார், பிடிஎஃப் ஆக அனுப்புவார். யாரும் செயலி செய்து அனுப்புவதில்லை.

நீங்கள் “அனுமதி” என்று தொட்டுக்கொண்டே போனதும் அது உங்கள் மெசேஜ்களைப் படிக்க ஆரம்பிக்கும். ஓடிபியை நீங்கள் பார்ப்பதற்குள் அவனுக்குப் போய்விடும். “நான் ஓடிபியை யாருக்குமே சொல்லலையே, எப்படிப் போச்சு?” என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

தொட்டுவிட்டீர்கள் என்றால்: ஃபோனை உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போடுங்கள். அந்த வேறு ஃபோனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். அதன் பிறகுதான் பழைய ஃபோனில் அந்தச் செயலியை நீக்குவது, நீங்காவிட்டால் முழுதாக அழித்துப் புதிதாக்குவது எல்லாம். பிஎம் கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நிலையைப் பார்க்க அரசுத் தளம் இருக்கிறது, எந்த ஃபைலையும் இறக்கத் தேவையில்லை.

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய்க்கும் இதேதான். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது “ஓடிபி சொல்லுங்க, பணம் ஏறும்” என்று ஃபோன் வந்ததாக என்னிடம் பல அக்காமார்கள் வந்தார்கள். பணம் ஏற்ற ஓடிபி எதற்கு?

சிபிஐன்னு சொல்லி வீடியோ காலில் வந்தாங்க. என் பேர்ல கூரியர்ல போதைப்பொருள் வந்திருக்காம். “டிஜிட்டல் கைது”ன்னா என்ன?

அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. இந்தியாவில் எந்தச் சட்டத்திலும், எந்த அதிகாரியும் வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். அப்படியும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காரணம், அந்த நேரத்தில் மனிதருக்குச் சட்டம் ஞாபகம் வராது, பயம்தான் வரும்.

மாரண்டஅள்ளிப் பக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு நாள் காலையில் வந்தார். வழக்கமாக வாசலிலேயே “என்னம்மா, சௌக்கியமா” என்று குரல் கொடுப்பவர், அன்றைக்கு ஒன்றுமே பேசாமல் பாஸ்புக்கை நீட்டி ஜெராக்ஸ் என்று சைகை காட்டினார். சட்டைப் பையில் ஃபோன், கேமரா வெளியே தெரியும்படி. முகமெல்லாம் வேர்வை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்: “பேச முடியாது. லைனில் இருக்கிறார்கள்.” வாத்தியார் எழுத்து, அப்போதும் கோணவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து அவர் ஃபோனை வைக்கவில்லை. தூங்கும்போதும் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பு நிதியை உடைத்து “ரிசர்வ் வங்கி சரிபார்ப்புக் கணக்குக்கு” அனுப்ப வங்கிக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். நான் எழுந்து போய் அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்து அணைத்தேன். என் கையும் நடுங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. “யார்கிட்டயாவது சொன்னா அவங்களையும் கைது பண்ணுவோம்னாங்க” என்றார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிஜமான கைதில் நடப்பது இதற்கு நேர் எதிர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்கிற போலீஸ் உங்கள் உறவினருக்கோ நண்பருக்கோ கண்டிப்பாகத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய, தவிர்க்க முடியாத சூழலில்கூட, பெண் போலீஸும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டும். சட்டம் “நாலு பேருக்குச் சொல்” என்கிறது. யாருக்கும் சொல்லாதே என்கிறவன் போலீஸ் இல்லை.

அவன் பின்னால் தெரியும் கொடி, சீருடை, உச்ச நீதிமன்ற முத்திரை போட்ட வாரண்ட் எல்லாம் செட்டு. உங்கள் ஆதார் எண்ணை அவன் சரியாகச் சொல்வதும் அதிசயம் இல்லை. நாம் ஆதார் நகலை லாட்ஜ், சிம் கடை, கடன் கம்பெனி என்று எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்? இனிமேல் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அது செல்லும்.

விரல் ரேகை வெச்சுப் பணம் எடுக்கறப்போ “பதியலை, இன்னொரு தடவை வைங்க”ங்கறாங்க. நம்பலாமா?

இந்தக் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் இதில் சிக்குவது ஸ்மார்ட் ஃபோனே இல்லாதவர்கள்.

புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? ரேகை தேய்ந்து வழவழ என்றிருக்கும். நிஜமாகவே பதியாது. ஐந்தாறு தடவை வைத்துத்தான் ஆக வேண்டும். இதைத்தான் சில ஆட்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முதல் தடவையிலேயே பணம் எடுபட்டிருக்கும். “பதியலைம்மா” என்று இன்னொரு முறை வைக்கச் சொல்லி இரண்டாவது தடவையும் எடுத்துவிடுவார்கள். நூறு நாள் வேலைக் கூலி இரண்டு வாரத்துக்கானது அப்படிப் போன பாட்டியை எனக்குத் தெரியும். ஆதார் வழிப் பரிவர்த்தனைக்கு ஓடிபி கிடையாது, விரல் வைத்தாலே பணம் போய்விடும்.

ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் ரசீது கேளுங்கள். பதியவில்லை என்றால் “தோல்வி” என்று ரசீது வரும். அடுத்த முறை வைப்பதற்கு முன் அதைக் கையில் வாங்குங்கள். முடிந்ததும் மிச்சம் எவ்வளவு என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். இந்த வழியில் பணமே எடுக்காதவர்கள் ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் அந்த வசதி இருக்கிறது, சந்தேகத்துக்கு 1947. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது, அந்த நேரத்துக்குத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதனால் ரேஷன் வாங்கும் வீட்டில் எல்லாருக்கும் பூட்டாமல், கடைக்குப் போகிற ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பூட்டுங்கள் என்று சொல்வேன்.

ஓசூர் கம்பெனில வேலை, யூனிஃபார்முக்கும் டிரெய்னிங்குக்கும் 3,500 கட்டணும்னு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு.

வேலை கொடுக்கிற கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. பென்னாகரத்தில் இருந்தும் அரூரில் இருந்தும் ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் அதிகம் என்பது திருடர்களுக்கும் தெரியும். கடிதத்தில் கம்பெனி முத்திரை அச்சு அசலாக இருக்கும். பணம் போக வேண்டிய கணக்கு மட்டும் யாரோ தனி ஆளின் பெயரில் இருக்கும். அங்கே பாருங்கள். நம் ஊர்ப் பெண் ஒருத்தியாவது அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பாள். அவளிடம் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டாலே போதும்.

டெலிகிராமில் “லைக் போட்டா ஐம்பது ரூபா” என்று ஆரம்பிக்கும் வேலை முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் கொடுக்கும். மூன்றாம் நாள் “பிரீமியம் டாஸ்க்”குக்கு உங்கள் பணத்தைக் கட்டச் சொல்லும். வாட்ஸ்அப் குழுவில் பங்குச்சந்தை டிப்ஸ் கொடுத்துத் தனி செயலியில் லாபம் காட்டுவதும் அதே மாவில் சுட்ட தோசை. எடுக்கப் போனால் “வரி கட்டு” என்பான்.

வெளிநாட்டு டேட்டா எண்ட்ரி வேலைக்கு இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்து என்று அழைத்துப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து, இதே மோசடி ஃபோன்களைப் பேச வைக்கிறார்கள். 2022-ல் மியான்மரில் இருந்து மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பேங்க் அக்கவுண்ட்டை மாசம் அஞ்சாயிரத்துக்குக் கேட்கறாங்க. நம்ம பணமா போகப் போகுது?

தம்பி, தயவுசெய்து கொடுக்காதே. கல்லூரிப் பிள்ளைகளிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு போவான். மேலே சொன்ன வாத்தியாரின் பணம் முதலில் வந்து விழுந்திருக்க வேண்டிய கணக்கு உன்னுடையதாக இருந்திருக்கும். போலீஸ் முதலில் வரும் வீடும் உன் வீடுதான், ஏனென்றால் அவன் பெயர் எங்கேயும் இல்லை, உன் பெயர்தான் இருக்கிறது. வழக்கு வந்தால் அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணையில் அது நிற்கும். ஐந்தாயிரம் ரூபாய்க்கு அது தகுமா?

உன் பெயரில் உனக்குத் தெரியாமல் சிம் ஓடுகிறதா என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உன்னுடையது இல்லாததை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

நான் டீக்கடைதான் வெச்சிருக்கேன். யாரோ கியூஆர்ல 180 ரூபா போட்டாங்க, என் அக்கவுண்ட்டையே முடக்கிட்டாங்க.

இந்த வேதனை நியாயமானது. திருடிய பணத்தில் யாரோ டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வங்கியில் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநில, எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகைக்காக முடக்கம்? அது தெரிந்ததும் அந்த நிலையத்துக்குக் கடை உரிமம், அன்றைய விற்பனை விவரத்துடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் நிறுத்தாமல் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி வங்கியிடமும் மனுவாகக் கேளுங்கள். எங்கள் மையத்தில் இரண்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு நாளில் வழி பிறந்தது, இன்னொன்று மூன்று மாதம் இழுத்தது.

“நீங்கதானே ஓடிபி சொன்னீங்க, எங்க பொறுப்பு இல்லை”ன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க.

பாதி உண்மை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதியின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. நீங்கள் ஓடிபி, பின் சொல்லியிருந்தால், நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் முக்கியம். புகார் எண்ணை வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள், கிளையில் கொடுக்கும் கடிதத்துக்கு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கட்டணம் இல்லை.

வீடு ஓசூர், பேங்க் பெங்களூரு, பணம் போனது ராஜஸ்தானாம். எந்த ஸ்டேஷன்லயும் எடுக்க மாட்டேங்கறாங்க.

எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனியாக மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேராக அங்கேயே போங்கள்.

லோன் ஆப்ல 4,000 வாங்கினேன். கட்டியும் விடலை. என் ஃபோட்டோவை அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்புவேன்கறான்.

இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கேட்பது கூடும். மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள், 1930-ல் பதியுங்கள். பிறகு நீங்களே உறவுக்காரர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்: “என் ஃபோனைத் திருடர்கள் பிடித்துவிட்டார்கள், என் பெயரில் படம் வந்தால் நம்பாதீர்கள்.” நீங்கள் முந்திக்கொண்டால் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. தெரியாத பெண் வீடியோ காலில் வந்து பிறகு மிரட்டும் வகைக்கும் இதே வழிதான்.

பையன் குரல்லயே பேசினான். ஆக்சிடெண்ட்னு அழுதான்.

இப்போது குரலையும் செய்துவிடுகிறார்கள். ஃபோனை வைத்துவிட்டுப் பையனின் எண்ணுக்கு நீங்களே போடுங்கள். எடுக்கவில்லை என்றால் கூடத் தங்கியிருக்கும் பையனுக்குப் போடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய மாட்டின் பெயர்.

போன பணத்தை மீட்டுத் தரேன், பத்து சதவீதம் கொடுங்கன்னு ஒருத்தர்...

அவனும் அதே கும்பல்தான். உங்கள் பெயர் ஏமாந்தவர் பட்டியலில் விற்பனைக்குப் போயிருக்கிறது.

பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்தது. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. செத்துரலாம்னு இருக்கு.

முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். உங்களிடம் பறித்தது திருடன். நீங்கள் யாரிடமும் பறிக்கவில்லை. வீட்டில் தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் வீட்டில் ஒருவரை இங்கே வரச் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இப்படி ஏழெட்டு வீட்டில் பேசியிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் சத்தம் இருக்கும். பிறகு யாராவது ஒருவர் “சரி, அடுத்து என்ன பண்றது?” என்று கேட்பார். கேட்காத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால், மனம்விட்டுப் பேச உதவி எண்கள் 14416 அல்லது 104. தமிழில் பேசுவார்கள்.

உங்க மையத்துக்கு வந்தா என்னென்ன கொண்டு வரணும்?

ஆதார், பாஸ்புக், அந்த ஃபோன். ஃபோனில் எதையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள். வெட்கப்பட்டு வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிட்டு வருகிறார்கள், ஆதாரம் அதில்தான் இருக்கிறது. அந்த எண்ணை பிளாக் செய்யலாம், அழிக்கக் கூடாது. சைபர் புகார் பதிவதற்கு அரசுக் கட்டணம் கிடையாது, நானும் வாங்குவதில்லை. சந்தை நாளில் கூட்டம் இருக்கும். வரிசையில் நிற்காமல் “பணம் போச்சுக்கா” என்று மட்டும் சொல்லுங்கள், முன்னால் விடுவார்கள். இரவு எட்டரைக்குக் கடை சாத்திவிடுவேன். அதற்குமேல் ஆனால் காலை வரை எனக்காகக் காத்திருக்காமல் 1930-ஐ அழுத்துங்கள்.